மேடம் என்றால் கோபம்

ஹட்டன் டவுனில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை கிடைத்தது. கொழும்புக் கம்பெனி. விதிகள் ஏராளம். நேரத்துக்கு வர வேண்டும், வந்தேன். சீருடை கசங்கக் கூடாது, கசங்காமல் போட்டேன். கண்ணின் பவர், ஃபிரேமின் அளவு எல்லாவற்றையும் ஒரு மாதத்துக்குள் கரைத்துக் குடித்தேன். ஒரே ஒரு விதிதான் என் நாக்கில் ஏறவில்லை. கடைக்கு வருகிறவர்களை "சேர்", "மேடம்" என்றுதான் கூப்பிட வேண்டுமாம். அக்கா, அண்ணன், மாமா, அத்தை என்ற பேச்சுக்கே இடமில்லையாம்.

ஏறவில்லை என்றால் நான் என்ன செய்வேன்? எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்குப் பேச்சு வரும்போதே முறையும் சேர்ந்து வந்துவிடும். மேல் லயத்து வரிசை வீட்டுக்காரர் சித்தப்பா, கீழ் லயத்துக்காரர் மாமா, பாலர் பாடசாலை டீச்சர் மதினி. ரத்த சம்பந்தம் உண்டா என்று யாரும் கிண்டிப் பார்ப்பதில்லை. டவுனுக்கு வந்தாலும் அதே கதைதான். பஸ் கண்டக்டர் அண்ணன், மரக்கறிக் கடைக்காரர் மாமா. "மேடம்" என்ற சொல்லைப் பள்ளிக்கூட அதிபருக்கும் வங்கி மெனேஜருக்கும் மட்டும் எடுத்து வைத்திருந்தோம்.

என் ப்ரொபேஷன் முடிய வேண்டிய வாரத்தில் கடைக்கு ஒரு போன் வந்தது. ஆண் குரல். கண்ணாடி என்ன விலை என்று கேட்டார்.

"சொல்லுங்கண்ணே, எந்தத் தோட்டம்? கண்ணாடி உங்களுக்கா, அண்ணிக்கா?" என்று கேட்டேன்.

அந்த அண்ணனுக்குத் தோட்டமும் இல்லை, அண்ணியும் இல்லை. நாங்கள் எப்படிப் பேசுகிறோம் என்று வேவு பார்க்கத் தலைமையகம் வைத்திருந்த ஆள் அவர். என் ப்ரொபேஷனை நீட்டிவிட்டார்கள். பயிற்சி அதிகாரி ஒருவர் கொழும்பிலிருந்து வந்து ஒரு நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து கவனிப்பாராம். அன்றைக்கு என் வாயிலிருந்து ஒரு முறைப்பேச்சு விழுந்தாலும் வேலை போய்விடும். விழாவிட்டால் நிரந்தரம்.

வேலை போனால் கொழும்பு பஸ்தான். என் வயதுப் பிள்ளைகள் ஒருத்தி பின் ஒருத்தியாக ஏறிப் போன பஸ் அது. துணிக்கடையில் நாளெல்லாம் நிற்பது, போர்டிங்கில் படுப்பது, தீபாவளிக்கும் சித்திரைக்கும் வீட்டுக்கு வருவது. அப்பா இறந்தபிறகு எங்கள் வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். அம்மா கொழுந்து எடுக்கிறார். அவரைத் தனியே விட்டுவிட்டு அந்தப் பஸ்ஸில் ஏற எனக்கு மனசில்லை. எனக்கு இந்த வேலை வேண்டும்.

எங்கள் மெனேஜர் கினிகத்தேனைப் பக்கத்துச் சிங்களவர், தங்கமான மனிதர். முதல் நாளிலிருந்து என்னை "நங்கி" என்றுதான் கூப்பிடுவார். நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி, அப்படிக் கூப்பிட்டால் அவருக்கும் ஆபத்துதான் என்று அப்போதுதான் உறைத்தது போல. கடையில் எல்லோரும் சேர்ந்தே பேசிப் பழகுவோம் என்று முடிவு செய்தார்.

"இன்னைக்கு இருந்து நங்கி கிங்கி ஒண்ணும் இல்ல. எல்லாரும் மிஸ், மிஸ்டர். சரியா நங்கி?" என்றார்.

கடையில் இன்னொருவரும் இருந்தார். எங்கள் தோட்டத்து மேல் லயத்துச் சித்தப்பா. கடையைக் கூட்டித் துடைத்து, எங்களுக்கு பிளேன்டீ ஊற்றித் தருவது அவர் வேலை. மெனேஜர் அவர் பெயருக்கு முன்னால் மிஸ்டர் போட்டுக் கூப்பிட்டதும் சித்தப்பா நிமிர்ந்து நின்றார். அந்த நிமிர்வு அப்படியே தங்கிவிட்டது. பத்து மணி ஆயிற்று, தேத்தண்ணி வரவில்லை. பதினொன்றும் ஆயிற்று. நான் போய் மெதுவாகக் கேட்டேன்.

"மிஸ்டர்னு கூப்பிட்ட ஆளுகிட்ட வந்து தேத்தண்ணி கேக்குறது மரியாதையாங்க மிஸ்?" என்றார் சித்தப்பா.

கடைசியில் மெனேஜரே தண்ணீர் சுட வைத்து மூன்று கப் கொண்டு வந்தார். சித்தப்பா கால்மேல் கால் போட்டு வாங்கிக்கொண்டு "தேங்க்யூ மிஸ்டர்" என்றார். மெனேஜர் குழம்பிப்போய் என்னை அன்று முழுவதும் "மிஸ் நங்கி" என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பை அடக்கி அடக்கி வயிறு வலித்துவிட்டது. வேலையே கத்திமுனையில் நிற்கிறது, இவளுக்குச் சிரிப்பு வருகிறதே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

இந்த லட்சணத்தில்தான் அத்தை வந்தார். அத்தை என்றால் பக்கத்து லயத்தில் இருப்பவர், அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்து எடுப்பவர். அப்பா இறந்த மாதம் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்ததே அவர் கையால்தான். கண்ணாடிக்குச் சொல்லிவிட்டுப் போயிருந்தவர் அதை எடுத்துப் போக வந்தார்.

"குட் மோர்னிங் மேடம். உட்காருங்க மேடம்" என்றேன்.

அத்தை திரும்பிப் பின்னால் பார்த்தார். தொரைசாணி யாராவது படியேறி வருகிறாரோ என்று நினைத்திருக்க வேண்டும். அங்கே யாரும் இல்லை.

"யாரச் சொல்ற?"

"உங்களத்தான் மேடம்."

அத்தையின் முகம் வாடிப்போனது. "என்னாடி, எம்மேல என்னா கோவம்?"

"கோவமெல்லாம் இல்ல மேடம். கண்ணாடியப் போட்டுப் பாருங்க மேடம்."

மெனேஜர் தன் அறையிலிருந்து எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அத்தை கண்ணாடியைப் போட்டுப் பார்க்கவில்லை. பெட்டியை வாங்கிப் பைக்குள் வைத்தார். "சரிங்க" என்றார். என்னைப் பார்த்து "சரிங்க"! பிறகு குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

இதன் பாரதூரம் வெளியாட்களுக்குப் புரியாது. எங்கள் தோட்டத்தில் வாய்விட்டுத் திட்டிக்கொள்வது சண்டையே அல்ல, அது இரண்டு நாளில் ஆறிவிடும். முறை சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு "வாங்க, உட்காருங்க" என்று மரியாதையாகப் பேச ஆரம்பித்தால்தான் உண்மையான சண்டை. அதைத் தீர்க்கத் தோட்டத் தலைவர் வந்து உட்கார்ந்து பேச வேண்டும்.

நான் வீட்டுக்குப் போவதற்குள் செய்தி லயத்துக்குப் போய்விட்டது. அத்தை வீட்டு வாசலில் நின்று கம்பெனி விதியைப் பற்றி எடுத்துச் சொன்னேன். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"எந்தக் கம்பெனியாச்சும் அத்தைய அத்தைன்னு கூப்பிடாதேன்னு சொல்லுமா? பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

அடுத்த நாட்களில் தோட்டத்திலிருந்து யார் கடைக்கு வந்தாலும் சேர், மேடம்தான். வேறு வழி? வேவு பார்ப்பவர் எந்த உருவத்தில் வருவார் என்று யாருக்குத் தெரியும்? ஒவ்வொருவரும் திகைத்துப்போய்த் திரும்பினார்கள். எனக்கு என்ன கோபம் என்று வீட்டில் உட்கார்ந்து யோசித்தார்கள். யோசித்தால் கிடைக்காமலா போகும்?

முதலில் கீழ் லயத்து மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மாவிடம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"நம்ம ஆடுதான் தங்கச்சி ஒங்க போஞ்சிக் கொடிய மேஞ்சிருச்சு. அத மனசுல வச்சிக்கிட்டு பாப்பா என்னைய சேர்ங்குது. வேணாம்னு சொல்லு."

அம்மா அதுவரை காட்டுப்பன்றியைத்தான் சபித்துக்கொண்டிருந்தார். மறுநாள் ஒரு மதினி எங்கள் தேங்காய் துருவியைச் சேலைத்தலைப்பில் மறைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அது காணாமல் போனதையே நாங்கள் மறந்துவிட்டிருந்தோம். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதையாக, யாரும் கேட்காமலே குற்றங்கள் எல்லாம் படியேறி வந்தன. அம்மாவுக்கோ ஒரே குதூகலம்.

"இன்னும் ரெண்டு பேர மேடம்னு கூப்பிட்டுப் பாருடி. நம்ம பெரிய குடை யாருகிட்ட இருக்குன்னு தெரியணும்" என்றார்.

நானும் அம்மாவும் அடுப்படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

அத்தையும் தன் குற்றத்தைக் கண்டுபிடித்துவிட்டார் என்பது எங்களுக்குத் தெரியாது. மகளின் சடங்குக்கு வீட்டுக்கு வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காமல், அம்மாவின் போனுக்கு வாட்ஸ்அப்பில் கார்டு அனுப்பியிருந்தார். அந்தக் கோபம்தான் எனக்கு என்று அவரே தீர்மானித்துக்கொண்டார். அம்மாவுக்கு அந்தக் கார்டில் இருந்த எழுத்து சரியாகத் தெரியவே இல்லை. நான் வாசித்துக் காட்டியதும் சந்தோஷமாகக் கிளம்பிப் போய் இரண்டு தடவை பாயாசம் வாங்கிக் குடித்துவிட்டு வந்தோம்.

பயிற்சி அதிகாரி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். தோட்டத்து ஆட்கள் டவுனுக்கு வரும் நாள் என்பதால் எங்களுக்கு ஞாயிறுதான் கூட்டம். கொழும்புத் தமிழ்ப் பெண்மணி, நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். கடுகடுப்பான ஆள் இல்லை. என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, "நான் இல்லைன்னு நெனச்சுக்கோங்க மிஸ்" என்றார். அப்படி நினைக்க முடியுமா?

ஆனால் நன்றாகத்தான் போனது. ஒரு டீச்சர் வந்தார், மேடம். ஒரு ஆட்டோக்காரர் வந்தார், சேர். உடப்புசல்லாவையிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர் வந்தார், சேர். அவர் ஃபிரேம் பார்த்துக்கொண்டிருந்தபோது படியில் தடதடவென்று சத்தம் கேட்டது.

முன்னால் தோட்டத் தலைவர் வந்தார், வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. பின்னால் அத்தை, கையில் பித்தளைத் தட்டு. தட்டில் வெற்றிலை, பாக்கு, சீப்பு வாழைப்பழம், தேங்காய், ஒரு ரவிக்கைத் துணி. அவர்களுக்குப் பின்னால் ஆட்டைச் சொந்தமாக வைத்திருக்கும் மாமா. சித்தப்பா அவர்களைக் கண்டதும் மிஸ்டர் என்பதை மறந்து ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டார்.

அதிகாரி என் பக்கம் குனிந்தார். "பொண்ணு பாக்க வந்திருக்காங்களா மிஸ்? சொல்லியிருந்தா லீவு தந்திருப்போமே."

உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்று நினைத்தேன். அதுவும் கண்ணாடிக் கடையில்!

தலைவர் கடை நடுவில் நின்று கனைத்தார். அவருக்குத் தோட்ட நிர்வாகத்தோடு பேசிப் பழக்கம். "மெனேஜர் அவர்களே, மேலிடத்து அம்மா அவர்களே. ஒரே ஒரு கோரிக்கைதான். இந்தப் புள்ள இவங்கள அத்தைன்னு கூப்பிடணும். தப்பு எங்க பக்கம்தான், ஒத்துக்கிறோம். வெத்தில பாக்கோட வந்திருக்கோம்."

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அத்தை என்றுதான் வரும். அதிகாரிக்கு மெல்ல விஷயம் விளங்கியது. எழுந்து நின்று, அது கம்பெனியின் விதி, என் கோபம் அல்ல என்று சொன்னார்.

"அப்ப நெசமாவே கம்பெனிதான் சொல்லிச்சா?" அத்தைக்கு நம்ப முடியவில்லை. "கம்பெனிக்கு எம்மேல என்னா கோவம்?"

அதிகாரி சிரிக்கவில்லை. ஃபிரேமைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்த பெரியவரைக் காட்டினார். "இந்த சேர் தூரத்துலருந்து வந்திருக்கார். இந்தக் கடையில அவருக்குச் சொந்தம்னு யாரும் இல்ல. உங்கள அத்தைன்னு கூப்பிட்டு உள்ள கூட்டிட்டுப் போனா, இவர் எங்க நிப்பார்? எல்லாரும் ஒண்ணுன்னு காட்டத்தான் இந்த விதி."

சொன்னது நியாயமாகவே இருந்தது, அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. விதி என்றால் முட்டாள்தனமாக இருக்க வேண்டும், அப்போதுதான் மனதாரத் திட்டலாம். தலைவரும் "பாயிண்டு" என்று தலையாட்டினார்.

அந்த நேரம் பார்த்து அம்மா மூச்சிரைக்கப் படியேறி வந்தார். தட்டோடு இவர்கள் பஸ் ஏறியதை யாரோ சொல்லி, தடுப்பதற்காக ஓடி வந்திருக்கிறார். டவுன் சேலையை அவசரத்தில் ஏற்ற இறக்கமாகக் கட்டியிருந்தார். வந்தவர் என்னைப் பார்த்தார். பக்கத்தில் அதிகாரியைப் பார்த்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

"இவங்க யாரு?" என்று அதிகாரி கேட்டார்.

தலைவர் கூரையைப் பார்த்தார். என் நாக்கின் நுனியில் அந்தச் சொல் வந்து உட்கார்ந்திருந்தது. பிறந்ததிலிருந்து வேறெப்படியும் நான் கூப்பிட்டதில்லை. வாயைத் திறந்தேன்.

"கண்ணு பாக்க வந்தேனுங்க" என்றார் அம்மா.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கண்ணைக் காட்ட வாருங்கள் என்று கெஞ்சியும் வராதவர். நேரே வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"வணக்கம் மேடம். உட்காருங்க மேடம்" என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

"வணக்கம் மிஸ்" என்று அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார்.

அத்தை சேலைத்தலைப்பை எடுத்து வாயில் திணித்துக்கொண்டார். ஆட்டுக்கார மாமா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார், அவர் முதுகு குலுங்கியது.

"பேரு சொல்லுங்க மேடம்."

அம்மா சொன்னார், தன் அப்பா பெயரையும் சேர்த்து, நிறுத்தி நிதானமாக.

"வயசு மேடம்?"

அம்மா அதிகாரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு வயதில் கொஞ்சம் கழித்துச் சொன்னார். நான் அப்படியே பதிந்துகொண்டேன்.

"எங்க வேல செய்றீங்க மேடம்?"

"தோட்டத்துல கொழுந்து எடுக்கிறேனுங்க மிஸ்."

"கண்ணுல என்ன கஷ்டம் மேடம்?"

"தூரம் தெரியுது மிஸ். கிட்டத்துலதான் தெரியல. போன்ல மக அனுப்புறத வாசிக்க முடியல."

அம்மாவின் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்து, முதுகை நன்றாகச் சாய்த்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வெடித்துவிடும் போல இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு எல்லாக் கேள்வியையும் கேட்டு முடித்தேன்.

அதிகாரிக்கு ஒரு வழக்கம். ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் கடைசியில் ஒரு கேள்வி கேட்பார். அம்மாவிடமும் கேட்டார். "மேடம், இந்த மிஸ் உங்ககிட்ட பேசின விதம் எப்படி இருந்தது? ஒளிக்காமச் சொல்லுங்க."

அம்மா சேலைத்தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"நல்லா இருந்துச்சுங்க. எங்க ஆளுக அக்கா, மதினின்னு கூப்பிடுவாங்க, அது வேற. அதுக்குக் கொறச்சல் இல்ல. ஆனா நான் தோட்டத்துல பேரு பதிஞ்ச நாள்லேருந்து, ஆபீசுக்குப் போனாலும் சரி, மருந்தெடுக்கப் போனாலும் சரி, மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்க என்னைய 'ஏ, இந்தா'ம்பாங்க. 'வா'ம்பாங்க, 'அங்கிட்டு நில்லு'ம்பாங்க. என் வயசுல பாதி இருக்கிறவங்ககூட. உக்காருங்கன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. இன்னைக்குத்தான் சொன்னாங்க." என்னைக் கையால் காட்டினார். "இந்த மிஸ்ஸுக்கு எம்மக வயசுதான் இருக்கும். நல்லா இருக்கணும்."

எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. அந்தச் சொல்லை நாங்கள் எல்லோரும் கோபம் என்றே எடுத்துக்கொண்டிருந்தோம், நானும்தான். அத்தனை நாளும் வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்த அம்மாவுக்கு உள்ளே இப்படி ஒன்று இருந்ததென்று எனக்குத் தெரியவே தெரியாது. எனக்கு அழுகையாகவும் வந்தது, அம்மாவை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது.

அத்தை வாயிலிருந்து சேலையை எடுத்தார். தட்டைத் தலைவர் கையில் திணித்துவிட்டு வந்து அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நான் சரியா கேக்கல மிஸ். எனக்கும் மொதல்லேருந்து சொல்லுங்க."

"அதுக்கப்புறம் நான்" என்றார் ஆட்டுக்கார மாமா, உடப்புசல்லாவைப் பெரியவருக்குப் பின்னால் வரிசையில் ஒழுங்காகப் போய் நின்றுகொண்டு. மெனேஜர் "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லிக்கொண்டே எல்லோருக்கும் நாற்காலி தேடி ஓடினார். சித்தப்பா ஒருவரும் கேட்காமலே தேத்தண்ணி ஊற்றப் போனார்.

அதிகாரி கடையைச் சுற்றி ஒரு தடவை பார்த்தார். தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "மிஸ்" என்றார். "நான் இனிப் பாக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. நாளையிலருந்து நீங்க நிரந்தரம்."

"அம்மா!"

கத்தியேவிட்டேன். மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடிப்போய் நாற்காலியோடு சேர்த்துக் கட்டிப்பிடித்தேன். அதிகாரியின் வாய் திறந்தபடி இருந்ததாகப் பிறகு மெனேஜர் சொன்னார். அம்மா என் தலையை இழுத்துத் தன் தோளில் அமுக்கிக்கொண்டார். அவர் உடம்பு முழுவதும் நடுங்கியது, சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை.

"மேடம்னு சொல்லுடி" என்றார் என் காதுக்குள். "அந்தம்மா இன்னும் போகல."